நல்லியல்பு வாயுச் சமன்பாட்டுக் கணக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோராம் வகுப்பு வேதியியலில் வாயு நிலைமை பற்றிய பாடம் தொடங்கியதும், ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே ஐயங்கள் அதே சொற்களில் என்னிடம் வருகின்றன. அவற்றை மாணவர்கள் கேட்டவாறே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். தவறிப்போன விடைத்தாள்களைப் புரட்டினால் பெருக்கலிலும் வகுத்தலிலும் நேர்ந்த பிழைகள் குறைவாகவே தென்படுகின்றன. எந்த வாயு, எந்தக் கலத்தில், எந்த வெப்பநிலையில் இருக்கிறது என்பதைக் கவனிக்காமல் சமன்பாட்டுக்குத் தாவியதால் நேர்ந்த பிழைகளே மிகுதி. எனவே இவ்விடைகளில் பெரும்பகுதி, சமன்பாட்டை எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியதைப் பற்றியது.

பிவி = என்ஆர்டி என்று மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் அது என்ன சொல்கிறது என்று கேட்டால் தெரியவில்லை. எங்கிருந்து வந்தது?

'பி' என்பது அழுத்தம், 'வி' என்பது கனஅளவு, 'என்' என்பது மோல் எண்ணிக்கை, 'டி' என்பது கெல்வினில் வெப்பநிலை. 'ஆர்' மட்டும் எல்லா வாயுக்களுக்கும் பொதுவான மாறிலி. ஒரு வாயு ஒரு கலத்தில் அமைதியாக, ஒரே சீரான அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் இருக்கும்போது, இந்த நான்கு அளவுகளும் ஒன்றையொன்று கட்டிப்போட்டிருக்கின்றன என்பதே இச்சமன்பாட்டின் பொருள். மூன்று தெரிந்தால் நான்காவது தானே கிடைக்கும்.

வெப்பநிலை மாறாதபோது அழுத்தமும் கனஅளவும் எதிர்விகிதத்தில் மாறுகின்றன என்று பாயில் 1662இல் வெளியிட்டார். கனஅளவு வெப்பநிலையோடு சீராகக் கூடுவதைச் சார்லஸ் 1787 வாக்கில் கண்டறிந்தும் வெளியிடாமல் விட்டார். அதைக் கே-லூசாக் 1802இல் வெளியிட்டார். சம கனஅளவில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்ற கருத்தை அவகாட்ரோ 1811இல் முன்வைத்தார். பாயில் விதியையும் கே-லூசாக் விதியையும் இணைத்து ஒரே சமன்பாடாக 1834இல் எழுதியவர் கிளாப்பிரான். ஆகவே பாயில் விதியையும் சார்லஸ் விதியையும் தனித்தனிச் சூத்திரங்களாக நினைவில் சுமக்கத் தேவையில்லை. இந்த ஒரு சமன்பாட்டில் மாறாதவற்றை ஒதுக்கிவிட்டால் அவை தாமாகவே வந்துவிடும்.

வெப்பநிலையைக் கெல்வினுக்கு ஏன் மாற்றியே ஆக வேண்டும்? செல்சியசிலேயே போட்டால் என்ன?

27 டிகிரி செல்சியசில் ஒரு மூடிய கலத்தில் இருக்கும் வாயுவை 54 டிகிரிக்குச் சூடாக்குவதாக வைத்துக்கொள்வோம். செல்சியசில் போட்டால் வெப்பநிலை இரு மடங்காகிவிட்டது, ஆகவே அழுத்தமும் இரு மடங்கு என்று விடை வரும். உண்மையில் 300 கெல்வின் 327 கெல்வின் ஆகியிருக்கிறது. அழுத்தம் 9 சதவீதம் மட்டுமே கூடும். செல்சியசின் சுழியம் நீர் உறையும் இடம். அங்கே வாயுவின் அழுத்தம் சுழியமாவதில்லை. அழுத்தம் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டுமானால், மூலக்கூறுகளின் வெப்ப இயக்கம் அற்றுப்போகும் இடத்திலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். கெல்வின் அளவீடு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

செல்சியசோடு 273ஐக் கூட்டுங்கள் (துல்லியமாக 273.15). வெப்பநிலை எத்தனை டிகிரி கூடியது என்று வித்தியாசத்தை மட்டும் கேட்டால் 273ஐக் கூட்டக் கூடாது. 10 டிகிரி செல்சியஸ் உயர்வும் 10 கெல்வின் உயர்வும் ஒன்றே.

ஆர் என்பது மாறிலி என்கிறீர்கள். ஆனால் 0.0821 என்றும் 8.314 என்றும் 62.36 என்றும் மாறி மாறி வருகிறதே?

ஒரே தூரத்தை மைலிலும் கிலோமீட்டரிலும் சொல்வதைப் போன்றதுதான் இது. மாறுவது அலகு, மாறிலி அதுவேதான். அழுத்தம் அட்மாஸ்பியரிலும் கனஅளவு லிட்டரிலும் இருந்தால் 0.0821. அழுத்தம் பார், கனஅளவு லிட்டர் என்றால் 0.0831. அழுத்தம் மில்லிமீட்டர் பாதரசத்தில், கனஅளவு லிட்டரில் என்றால் 62.36. அழுத்தம் பாஸ்கலிலும் கனஅளவு கனமீட்டரிலும் இருந்தால் 8.314. பாஸ்கலை கனமீட்டரால் பெருக்கினால் ஜூல் கிடைக்கும். ஆற்றல் கணக்குகளில் 8.314 வருவது அதனால்தான்.

2 மோல் வாயு, 300 கெல்வின், 1 அட்மாஸ்பியர். கனஅளவு 2 × 0.0821 × 300 ÷ 1 = 49.3 லிட்டர். அதே கணக்கில் அழுத்தத்தை 1,01,325 பாஸ்கல் என்று எழுதி 8.314ஐப் பயன்படுத்தினால் 0.0492 கனமீட்டர், அதாவது அதே 49 லிட்டர். அழுத்தத்தைப் பாஸ்கலில் வைத்துக்கொண்டு 0.0821ஐப் போட்ட மாணவருக்கு 0.00049 'லிட்டர்' வந்தது. அரை மில்லிலிட்டர்! இரண்டு மோல் கார்பன் டை ஆக்சைடு என்றால் 88 கிராம். அது அரை மில்லிலிட்டரில் அடங்குமா என்று ஒரு நொடி நினைத்துப் பார்த்திருந்தால் தவறு அங்கேயே பிடிபட்டிருக்கும். சாதாரண அழுத்தத்தில், அறை வெப்பநிலையில் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 25 லிட்டர் என்ற அளவை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விடையையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திட்ட வெப்ப அழுத்த நிலையில் ஒரு மோலின் கனஅளவு 22.4 லிட்டரா, 22.7 லிட்டரா?

இரண்டும் சரி, எந்த அழுத்தத்தைத் 'திட்டம்' என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. பழைய வரையறையில் திட்ட அழுத்தம் 1 அட்மாஸ்பியர், 273.15 கெல்வினில் ஒரு மோலுக்கு 22.41 லிட்டர் கிடைக்கும். தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் 1982இல் திட்ட அழுத்தத்தை 1 பார் என்று மாற்றியது. ஒரு பார் ஒரு அட்மாஸ்பியரைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே கனஅளவு சற்றுக் கூடி 22.71 லிட்டர் ஆகிறது.

வினாவில் அழுத்தம் வெளிப்படையாகத் தரப்பட்டிருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இதைவிடப் பெரிய தவறு ஒன்றை நான் அடிக்கடி காண்கிறேன்: 27 டிகிரியில் இருக்கும் வாயுவுக்கும் 22.4ஐப் போடுவது. அந்த எண் சுழியம் டிகிரி செல்சியசுக்கு மட்டுமே உரியது.

கணக்கில் கிராம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதை அப்படியே போடலாமா?

போடக் கூடாது. கிராமை மோலார் நிறையால் வகுத்து மோலாக்கிய பிறகே சமன்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும். நைட்ரஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன், குளோரின் ஆகியவை ஈரணு மூலக்கூறுகள் என்பதை மறந்து, நைட்ரஜனுக்கு 28க்குப் பதில் 14ஐப் போட்டால் விடை சரியாக இரு மடங்காகிவிடும். கொள்குறி வினாக்களில் அந்த இரு மடங்கு விடையும் ஒரு தெரிவாகக் காத்திருக்கும். ஹீலியம், நியான், ஆர்கான் ஓரணு வாயுக்கள். அவற்றுக்கு அணு நிறையே போதும்.

எப்போது பிவி = என்ஆர்டி போட வேண்டும், எப்போது முதல் நிலை, இரண்டாம் நிலை என்று ஒப்பிடும் சூத்திரத்தைப் போட வேண்டும்?

இது எல்லாரும் கேட்கும் கேள்வி. இதன் விடை பிடிபட்டால் பாதிக் கணக்குகள் எளிதாகிவிடும். வினாவைப் படித்ததும், வாயுவின் எத்தனை நிலைகள் பேசப்படுகின்றன என்று எண்ணுங்கள். ஒரே ஒரு நிலை என்றால் சமன்பாட்டை நேரடியாகப் பயன்படுத்தி, தெரியாததைக் காணுங்கள். இரண்டு நிலைகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சமன்பாட்டை எழுதி, ஒன்றை மற்றொன்றால் வகுத்துவிடுங்கள். 'ஆர்' அடிபட்டுப் போகும். இரண்டு நிலைகளிலும் மாறாமல் இருப்பவையும் அடிபட்டுப் போகும். எஞ்சுவதே உங்களுக்கு வேண்டிய சூத்திரம்.

எது மாறாது என்பதை வினாவின் சொற்கள் சொல்லிவிடும். 'உறுதியான மூடிய கலம்' என்றால் கனஅளவும் மோலும் மாறா. 'உராய்வின்றி நகரும் பிஸ்டன்' என்றால் அழுத்தம் மாறாது. வெளியழுத்தத்துக்குச் சமமாகவே இருக்கும். 'திறந்த குடுவை' என்றால் அழுத்தமும் கனஅளவும் மாறா, மோல் மாறும். 'மெல்லிய ரப்பர் பலூன்' என்றால் உள்ளழுத்தம் வெளியழுத்தத்துக்கு ஏறக்குறைய சமம். வினாத்தாளில் இந்தச் சொற்களின் கீழ் கோடிடும் பழக்கத்தை என் மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன். இரு நிலைகளை ஒப்பிடும்போது அழுத்தமும் கனஅளவும் எந்த அலகிலும் இருக்கலாம், இரண்டு பக்கமும் ஒரே அலகாக இருந்தால் போதும். வெப்பநிலை மட்டும் அப்போதும் கெல்வினில்தான் இருக்க வேண்டும்.

திறந்த குடுவையைச் சூடாக்கினால் எவ்வளவு காற்று வெளியேறும் என்ற கணக்கில் எனக்கு எப்போதும் தவறுகிறது. ஏன்?

வெளியேறிய காற்றையும் சேர்த்து ஒரே வாயுவாக எண்ணிச் சார்லஸ் விதியைப் போட முயல்வதால்தான் குழப்பம் வருகிறது. குடுவைக்குள் இருப்பதை மட்டும் பாருங்கள். முந்தைய விடையில் சொன்னபடி அழுத்தமும் கனஅளவும் மாறா. ஆகவே மோலையும் வெப்பநிலையையும் பெருக்கினால் வருவது மாறாது. 27 டிகிரியிலிருந்து 127 டிகிரிக்குச் சூடாக்கினால், 300 கெல்வின் 400 கெல்வின் ஆகிறது. உள்ளே எஞ்சியது 300/400, அதாவது முக்கால் பங்கு. வெளியேறியது கால் பங்கு.

வினா சில நேரம் தலைகீழாக வரும்: மூன்றில் ஒரு பங்கு காற்றை வெளியேற்ற எந்த வெப்பநிலை வரை சூடாக்க வேண்டும்? எஞ்ச வேண்டியது மூன்றில் இரண்டு பங்கு; ஆகவே வெப்பநிலை 300 × 3/2 = 450 கெல்வின், அதாவது 177 டிகிரி செல்சியஸ். வெளியேறிய பங்கை நேரடியாகச் சமன்பாட்டில் போட்டவர்களுக்கு 900 கெல்வின் வந்திருக்கும். சமன்பாடு உள்ளே இருப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

அடர்த்தியைக் கொடுத்து மோலார் நிறையைக் கேட்கிறார்கள். அதற்குத் தனிச் சூத்திரம் இருக்கிறதா?

தனிச் சூத்திரம் தேவையில்லை. மோல் எண்ணிக்கைக்குப் பதிலாக நிறை ÷ மோலார் நிறை என்று எழுதி, நிறை ÷ கனஅளவு என்பதை அடர்த்தி என்று மாற்றினால், அழுத்தம் × மோலார் நிறை = அடர்த்தி × ஆர் × வெப்பநிலை என்று வந்துவிடும். இங்கே அடர்த்தி லிட்டருக்குக் கிராமில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் மோலார் நிறை கூடினால் அடர்த்தி கூடும் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. ஈரக் காற்று உலர் காற்றைவிட இலேசானது என்றால் பலர் நம்ப மறுக்கிறார்கள். நீராவியின் மோலார் நிறை 18, காற்றின் சராசரி 29 என்று எழுதிக் காட்டியதும் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆய்வகத்தில் இதைச் செய்து பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த பாடம். 250 மில்லிலிட்டர் குடுவையில் இரண்டு மூன்று மில்லிலிட்டர் அசிட்டோனை ஊற்றி, வாயை அலுமினியத் தாளால் இறுகக் கட்டி, தாளில் ஊசியால் ஒரு துளையிட்டு, கொதிக்கும் நீரில் குடுவையை அமிழ்த்துகிறோம். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் மின்சார அடுப்பை மட்டுமே பயன்படுத்துகிறோம். அருகில் சுடரே இருக்கக் கூடாது. அசிட்டோன் 56 டிகிரியில் கொதித்து, காற்றைத் துளை வழியே வெளியே தள்ளிவிட்டு, குடுவையைத் தன் ஆவியால் நிரப்பிக்கொள்கிறது. அடியில் கிடந்த கடைசித் துளியும் மறைந்ததும் குடுவையை எடுத்துக் குளிரவிட்டால், ஆவி மீண்டும் சுவரில் துளிகளாகப் படியும். வெளிப்புறத்தைத் துடைத்து எடைபோட்டு, வெற்றுக் குடுவையின் எடையைக் கழிக்கிறோம். எடை வித்தியாசம் 0.474 கிராம், அழுத்தம் 1 அட்மாஸ்பியர் என்று கொள்வோம்.

மோல் எண்ணிக்கை = 1 × 0.250 ÷ (0.0821 × 373) = 0.00816; மோலார் நிறை = 0.474 ÷ 0.00816 = 58. அசிட்டோனுக்கு இது சரியாகப் பொருந்துகிறது. எடைபோட்டது அறை வெப்பநிலையில் என்பதால் 373க்குப் பதில் 300ஐப் போட்டவர்களுக்கு விடை ஏறத்தாழ 46.7 வரும்; அதைப் பார்த்து 'இது எத்தனால்' என்று உறுதியாக எழுதிவிடுவார்கள், ஏனெனில் எத்தனாலின் மோலார் நிறை 46. குடுவையை வாயுவாக நிரப்பியிருந்தபோது ஆவியின் வெப்பநிலை என்ன என்பதே கேள்வி. தராசில் வைத்தபோது அது வாயுவாகவே இல்லை.

நீரின் மேல் சேகரித்த வாயு என்றால் எதையோ கழிக்கச் சொல்கிறார்கள். எதை, ஏன்?

நீருக்கு மேல் சேகரிக்கும் வாயுவோடு நீராவியும் கலந்திருக்கும். அழுத்தமானி காட்டுவது இரண்டின் மொத்த அழுத்தம். டால்டனின் பகுதி அழுத்த விதிப்படி, அந்த வெப்பநிலையில் நீரின் ஆவி அழுத்தத்தை மொத்தத்திலிருந்து கழித்தால் வாயுவின் அழுத்தம் மட்டும் கிடைக்கும். 27 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம் 26.7 மில்லிமீட்டர் பாதரசம்.

மெக்னீசியத் துண்டு ஒன்று நீர்த்த அமிலத்தில் முழுதும் கரைந்து, 27 டிகிரியில், 756.7 மில்லிமீட்டர் மொத்த அழுத்தத்தில் 246 மில்லிலிட்டர் ஹைட்ரஜனைத் தந்தது. மெக்னீசியத்தின் நிறை என்ன? ஹைட்ரஜனின் அழுத்தம் 730 மில்லிமீட்டர். மோல் = (730/760) × 0.246 ÷ (0.0821 × 300) = 0.0096. ஒரு மோல் மெக்னீசியம் ஒரு மோல் ஹைட்ரஜனைத் தருவதால், நிறை 0.0096 × 24.3 = 0.233 கிராம். கழிக்க மறந்தால் 0.242 கிராம் வரும். வேறுபாடு சிறிதாகத் தெரிந்தாலும், செய்முறைத் தேர்வில் அந்த 4 சதவீதம் உங்கள் சோதனையே தவறு என்று காட்டிவிடும். கழிக்க வேண்டியது அழுத்தத்தில் மட்டுமே. கனஅளவில் எதையும் கழிக்க வேண்டாம், இரண்டு வாயுக்களும் அதே 246 மில்லிலிட்டரில்தான் பரவியிருக்கின்றன.

இரண்டு குமிழ்களை இணைத்துக் குழாயைத் திறந்தால் அழுத்தத்தை எப்படிக் காண்பது? சராசரி எடுத்தால் போதுமா?

சராசரி எடுக்கக் கூடாது. மோல்களைக் கூட்ட வேண்டும். வெப்பநிலை ஒன்றாகவே இருந்தால் அழுத்தம் × கனஅளவு என்ற பெருக்கமே மோலுக்கு நேர்விகிதத்தில் இருக்கும், எனவே 'ஆர்' கூடத் தேவைப்படாது. 2 லிட்டர் குமிழில் 3 அட்மாஸ்பியர் நைட்ரஜனும், 3 லிட்டர் குமிழில் 1 அட்மாஸ்பியர் ஆக்சிஜனும் இருந்தால், பெருக்கங்கள் 6, 3, கூடுதல் 9, மொத்தக் கனஅளவு 5 லிட்டர், இறுதி அழுத்தம் 1.8 அட்மாஸ்பியர். அதில் நைட்ரஜனின் பகுதி அழுத்தம் 1.2, ஆக்சிஜனுடையது 0.6.

அந்தக் குமிழ்களில் உள்ளவை வினைபுரிந்தால்?

முதலில் வினையை முடித்துவிட்டு, எஞ்சிய வாயுவுக்கு மட்டும் கணக்கிடுங்கள். 3 லிட்டரில் 2 அட்மாஸ்பியர் அம்மோனியா, 1 லிட்டரில் 4 அட்மாஸ்பியர் ஹைட்ரஜன் குளோரைடு: பெருக்கங்கள் 6, 4. இரண்டும் ஒன்றுக்கு ஒன்று சேர்ந்து அம்மோனியம் குளோரைடு என்ற வெண்திண்மமாகின்றன. எஞ்சுவது 2 பங்கு அம்மோனியா. மொத்தம் 4 லிட்டரில் அது பரவினால் அழுத்தம் 0.5 அட்மாஸ்பியர். திண்மத்தின் கனஅளவு மிகச் சிறியது என்பதால் விட்டுவிடுகிறோம்.

ஒரு குமிழை மட்டும் சூடாக்கினால் என்ன செய்வது? எந்த வெப்பநிலையைப் போடுவது?

ஒரே அளவுள்ள இரண்டு குமிழ்கள் மெல்லிய குழாயால் இணைக்கப்பட்டு, 300 கெல்வினில், 1 அட்மாஸ்பியரில் இருக்கின்றன. ஒன்றை 400 கெல்வினுக்குச் சூடாக்கி, மற்றொன்றை 300இலேயே வைத்திருக்கிறோம். பலர் சராசரி 350ஐப் போட்டு 1.17 அட்மாஸ்பியர் என்கிறார்கள். அது தவறு, ஏனெனில் 350 கெல்வினில் இருக்கும் வாயு அங்கே எதுவுமில்லை.

முதல் விடையில் சொன்னதை நினைவுகூருங்கள்: ஒரு சமன்பாடு ஒரே சீரான வெப்பநிலையில் உள்ள வாயுவுக்கே பொருந்தும். இங்கே இரண்டு வெப்பநிலைகள், ஆகவே இரண்டு சமன்பாடுகள். குழாய் திறந்திருப்பதால் அழுத்தம் இரண்டிலும் ஒன்றே. மொத்த மோல் மாறவில்லை. தொடக்கத்தில் இருந்த மோல்கள் 2/300க்கு நேர்விகிதம். இறுதியில் இருப்பவை புதிய அழுத்தம் × (1/300 + 1/400). இரண்டையும் சமப்படுத்தினால் புதிய அழுத்தம் 8/7, அதாவது 1.14 அட்மாஸ்பியர். சரிபார்க்கவும் எளிது: தொடக்கத்தில் ஒவ்வொன்றிலும் 1 பங்கு இருந்தது, இப்போது குளிர்ந்த குமிழில் 8/7 பங்கு, சூடான குமிழில் 6/7 பங்கு, கூட்டினால் 2. சூடான பக்கத்திலிருந்து ஏழில் ஒரு பங்கு குளிர்ந்த பக்கத்துக்கு நகர்ந்திருக்கிறது. இந்த ஒரு கணக்கை உதவியின்றிச் செய்ய முடிந்தால் பாடம் புரிந்துவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

நீட் தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. 0.0821ஐ வைத்துக்கொண்டு எப்படி விரைவாகக் கணக்கிடுவது?

300 கெல்வினில் 'ஆர்' × வெப்பநிலை = 24.63 என்பதையும், 273 கெல்வினில் அது 22.4 என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கணக்குகள் இந்த இரண்டில் ஒன்றிலேயே அமையும். மற்ற வெப்பநிலைகளுக்கு 0.0821க்குப் பதில் 1/12 என்று எடுத்துக்கொள்ளலாம். உண்மை மதிப்பைவிட அது 1.5 சதவீதம் மட்டுமே கூடுதல். 5 லிட்டரில், 27 டிகிரியில் 8 கிராம் மீத்தேன் என்றால், அரை மோல் × 25 ÷ 5 = 2.5 அட்மாஸ்பியர், துல்லியமான விடை 2.46. தெரிவுகள் மிக நெருக்கமாக இருந்தால் மட்டும் இந்தச் சுருக்கு வழியை விட்டுவிடுங்கள்.

வண்டி டயரில் 32 என்று காற்றடிக்கிறோம். அந்த 32ஐ அப்படியே போட்டுக் கணக்குச் செய்யலாமா?

டயர் மானி காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே. சமன்பாட்டுக்கு வேண்டியது முழு அழுத்தம். சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு என்று மானி காட்டினால், வளிமண்டலத்தின் 14.7ஐயும் சேர்த்து 46.7 என்று எடுக்க வேண்டும். 27 டிகிரியிலிருந்த டயர் வெயிலிலும் ஓட்டத்திலும் 57 டிகிரிக்குச் சூடானால், முழு அழுத்தம் 46.7 × 330/300 = 51.4; மானி 36.7 காட்டும் (டயர் சற்றும் விரியவில்லை என்று கொண்டால்). 32ஐ அப்படியே பெருக்கினால் 35.2 என்று வரும், அது குறைவு. காற்றே இல்லாத டயரில் மானி சுழியம் காட்டினாலும் உள்ளே வெற்றிடம் இல்லை என்பதை நினைத்தால் இது தெளிவாகும்.

வீட்டுச் சமையல் கேஸ் சிலிண்டரில் எவ்வளவு கேஸ் மிச்சம் இருக்கிறது என்று அழுத்தத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

முடியாது. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த நீர்மம். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கிறது. கொள்ளளவு ஏறத்தாழ 33 லிட்டர். முழுவதையும் பியூட்டேன் வாயு என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் 245 மோல், 27 டிகிரியில் 180 அட்மாஸ்பியருக்கு மேல் வரும். உண்மையில் உள்ளே இருப்பது சில அட்மாஸ்பியர்களே. வாயுவைப் பயன்படுத்தப் பயன்படுத்த நீர்மம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்புவதால், நீர்மம் தீரும் வரை அழுத்தம் பெரிதும் மாறாது. அதனால்தான் சிலிண்டரை எடைபோட்டுப் பார்க்கிறார்கள். கலத்தில் நீர்மமும் ஆவியும் சேர்ந்திருக்கின்றன என்று வினா சொன்னால், சமன்பாடு ஆவிப் பகுதிக்கு மட்டுமே உரியது.

அப்படியானால் ஆக்சிஜன் சிலிண்டருக்கும் பொருந்தாதா? எப்போது இந்தச் சமன்பாட்டை நம்பலாம்?

ஆக்சிஜனை அறை வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் நீர்மமாகாது. ஆகவே அந்தச் சிலிண்டரில் இருப்பது வாயுதான், அழுத்தமானியைப் பார்த்து மிச்சத்தைச் சொல்ல முடியும். நம் மருத்துவமனைகளில் காணும் பெரிய 'டி' வகைச் சிலிண்டரின் கொள்ளளவு 46.7 லிட்டர், 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால், 150 × 46.7 ≈ 7,000 லிட்டர். அதில் 7 கனமீட்டர் ஆக்சிஜன் இருப்பதாகச் சொல்வது இந்தப் பாயில் விதிக் கணக்கைத்தான். உண்மையில் அந்த அழுத்தத்தில் மூலக்கூறுகளின் ஈர்ப்பால் வாயு சற்றுக் கூடுதலாகச் சுருங்கி, ஏறத்தாழ 5 சதவீதம் அதிகமாகவே உள்ளே அடங்குகிறது.

மூலக்கூறுகளுக்குக் கனஅளவு இல்லை, அவற்றிடையே ஈர்ப்பும் இல்லை என்ற கருதுகோளில் நிற்பது இச்சமன்பாடு. மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருக்கும் குறைந்த அழுத்தத்திலும், ஈர்ப்பை மீறி விரைந்தோடும் உயர் வெப்பநிலையிலும் கருதுகோள் உண்மைக்கு நெருங்கி வருகிறது. அவ்விரு குறைகளையும் திருத்தும் சமன்பாட்டை வாண்டர் வால்ஸ் 1873இல் தந்தார்; 1910இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஒரு அட்மாஸ்பியரில், சுழியம் டிகிரியில் நைட்ரஜனின் மோலார் கனஅளவு 22.40 லிட்டர், கார்பன் டை ஆக்சைடுடையது 22.26 லிட்டர், தேர்வுக் கணக்குகளுக்கு இந்த வேறுபாடு பொருட்டில்லை. 'வாண்டர் வால்ஸ் மாறிலிகள்' தரப்பட்டிருந்தால் மட்டும் அந்தச் சமன்பாட்டுக்குச் செல்லுங்கள்.

மூடிய உறுதியான கலம், வெப்பநிலை மட்டும் கூடுகிறது. அழுத்தம் நேர்விகிதத்தில்தானே கூட வேண்டும்? ஆனால் விடை வேறாக இருக்கிறதே!

நீங்கள் கொண்டுவந்த கணக்கில் இருப்பது டைநைட்ரஜன் டெட்ராக்சைடு என்ற வாயு. சூடாக்கச் சூடாக்க அதன் மூலக்கூறு ஒவ்வொன்றும் இரண்டு நைட்ரஜன் டை ஆக்சைடு மூலக்கூறுகளாகப் பிரிகிறது. கலத்தின் பழுப்பு நிறம் ஆழமாவதைக் கண்ணாலேயே காணலாம். கலம் மூடியிருப்பதால் நிறை மாறவில்லை. ஆனால் மோல் எண்ணிக்கை மாறிவிட்டது. ஒப்பிடும் சூத்திரத்தில் மோல் அடிபட்டுப் போகும் என்று நாம் கொண்டது இங்கே செல்லாது.

300 கெல்வினில் 20 சதவீதம் பிரிந்திருக்கிறது, மொத்த அழுத்தம் 1.2 அட்மாஸ்பியர், 360 கெல்வினில் 70 சதவீதம் பிரிகிறது என்று வினா சொல்கிறது. முதலில் 1 மோல் இருந்ததாகக் கொண்டால், 300இல் 0.8 + 0.4 = 1.2 மோல், 360இல் 0.3 + 1.4 = 1.7 மோல். ஆகவே புதிய அழுத்தம் 1.2 × (1.7/1.2) × (360/300) = 2.04 அட்மாஸ்பியர். வெப்பநிலையை மட்டும் பார்த்திருந்தால் 1.44 என்று நின்றிருப்போம்.

இதே வினா அடர்த்தி வழியாகவும் வரும். பிரியாதபோது மோலார் நிறை 92. அடர்த்தியிலிருந்து கண்ட சராசரி மோலார் நிறை 76.7 என்றால், 92 ÷ 76.7 = 1.2, அதாவது ஒரு மோல் 1.2 மோலாகியிருக்கிறது, பிரிகை 20 சதவீதம். இங்கே நிறை மாறாமல் எண்ணிக்கை கூடியதால் சராசரி குறைந்தது. வினாவில் பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு வந்தாலும் இதே வழிதான். அதுவும் ஒரு மூலக்கூறிலிருந்து இரண்டாகப் பிரிவது. ஹைட்ரஜன் அயோடைடு பிரியும் வினையில் மட்டும், இரண்டு மோல் வாயு இரண்டு மோல் வாயுவாகவே மாறுவதால், எவ்வளவு பிரிந்தாலும் அழுத்தம் வெப்பநிலைக்கு நேர்விகிதத்திலேயே கூடும்.